அம்மாவை வீல்சேரிலிருந்து எழுப்புங்கள், பவுடர் அப்புறம் வாங்கலாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. அப்பா காலமான பிறகு, கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். எனக்குப் புனேயில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் 52 கிலோ இருந்தவர் இப்போது 46.5 கிலோ. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். “சரியாவே சாப்பிடறதில்ல, எந்நேரமும் படுத்தே இருக்காங்க” என்கிறார்கள் இல்லத்தில். மூன்று மாதத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழப் பார்த்தார்; அடி எதுவும் படவில்லை. அன்றிலிருந்து டைனிங் ஹாலுக்குக்கூட வீல்சேரில்தான் கூட்டிப் போகிறார்கள். அம்மா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். ஆனால் இல்லத்தில் முட்டை கிடையாது. நல்ல புரோட்டீன் பவுடர் ஒன்று சொல்லுங்கள். இந்த வயதில் எக்சர்சைஸ் தேவையா, உடம்பு தாங்குமா? இல்லத்தையே மாற்றிவிடலாமா? ஒரு நாள் மெனுவையும் எழுதியிருக்கிறேன்.

– புனேயிலிருந்து ஒரு வாசகி

பதில் (முதியோர் நல மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு,

பவுடர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 52, 46.5 என்ற இரண்டு எண்கள். ஆறு மாதத்தில் ஐந்தரை கிலோ. இருந்த எடையில் பத்து சதவீதத்துக்கும் மேலே போயிருக்கிறது. அமெரிக்க நர்சிங் ஹோம்களில் ஒருவருக்கு ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை இறங்கினால் அதை அபாய அறிகுறியாகப் பதிவு செய்து காரணம் தேடுவார்கள். நம் ஊரில் “வயசானா இளைக்கத்தானே செய்வாங்க” என்று விட்டுவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரருக்கு இதே அளவு இறங்கியிருந்தால் வீட்டில் எல்லோரும் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பார்கள். அம்மாவுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

ஆகவே, முதல் வேலை ஒரு டாக்டரிடம் காட்டுவது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), தைராய்டு, பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய், வயிற்றுப் புண், புற்றுநோய் போன்றவை இல்லை என்று டாக்டர் உறுதி செய்துகொள்ளட்டும். மனச்சோர்வையும் கேளுங்கள். கணவர் போன துக்கம், இடம் மாறிய துக்கம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. வயதானவர்கள் “எனக்கு மனசு சரியில்ல” என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. சாப்பாட்டைத் தள்ளிவைப்பார்கள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். இல்லத்தில் சொன்ன அதே இரண்டு விஷயங்கள்! இதற்கு மருந்து உண்டு, பலனும் கிடைக்கும்.

மாத்திரைச் சீட்டை அந்த டாக்டர் வரிவரியாகப் படிக்க வேண்டும். 52 கிலோவுக்கும் ஒழுங்கான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்து எழுதிய சர்க்கரை மாத்திரையை, அரைச் சாப்பாடு சாப்பிடும் 46 கிலோ அம்மா இன்னமும் அப்படியே விழுங்கிக்கொண்டிருக்கலாம். கிளிமிபிரைடு வகை மாத்திரையாக இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. முதியவர்களுக்கு அது வியர்வை, படபடப்பு என்று வராமல் வெறும் சோர்வாக, குழப்பமாக வந்து போகும். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும், பல வருடம் சாப்பிட்டால் பி12-ஐயும் குறைக்கும். எடை இறங்கும்போது ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கும். பிரஷர் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடும். அம்மா அன்று பாத்ரூமில் தடுமாறியதற்கு ஈரத் தரைதான் காரணமா, எழுந்து நின்றவுடன் பிரஷர் விழுந்ததா? படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்றி எழுத வேண்டியிருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சரி, இனி சாப்பாடு. நீங்கள் அனுப்பிய மெனு இது: காலை ஆறு மணிக்குக் காபி. எட்டரைக்கு இரண்டு இட்லி, சட்னி. சில நாள் ரவை உப்புமா, சேமியா. பன்னிரண்டரைக்குச் சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். நாலு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். மாலை ஆறரைக்கு இட்லி அல்லது தோசை. சுத்தமாக இருக்கிறது, எண்ணெய் குறைவு, காரம் குறைவு என்று பாராட்டியும் எழுதியிருக்கிறீர்கள். அதிலுள்ள புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலந்த பாலில் போட்ட காபியில் இரண்டு கிராம் இருக்கும். இரண்டு இட்லியும் சட்னியும் ஐந்து கிராம். மதியம் அம்மா ஒரு கரண்டிச் சாதம்தான் சாப்பிடுகிறார். பருப்பு அடியில் தங்கிவிட்ட சாம்பார், மோர், பொரியல் எல்லாம் சேர்த்து ஒன்பது கிராம் என்று தாராளமாகவே போட்டுக்கொள்வோம். டீ, பிஸ்கட்டுக்கு மூன்று. இரவு ஒரு தோசைக்கு மூன்று. மொத்தம் இருபத்திரண்டு. இளைத்துப்போன ஒரு முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது தேவை என்று வைத்தால் அம்மாவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 கிராம் வேண்டும். பாதிகூடக் கிடைக்கவில்லை. வயதாக ஆக உடம்பு புரதத்தைத் தசையாக மாற்றும் வேகம் குறைவதால், இளைஞரைவிட முதியவருக்குக் கிலோ கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நாம் நேர்மாறாக, “வயசாச்சு, லைட்டா சாப்பிட்டா போதும்” என்று ரசம் சாதத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

இன்னொன்று, மணிக்கணக்கு. இரவு ஆறரை, காலை எட்டரை. நடுவில் பதினான்கு மணி நேரம். அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கான மத்திய அரசு விதியில் இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் படுக்கும் முன் சத்தான ஏதாவது தர வேண்டும். அம்மா இரவு தோசையைத் தொடாத நாட்களில் நாலு மணி பிஸ்கட்தான் கடைசி ஆகாரம். சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆறரைக்குச் சாப்பாடு முடிகிறது, வேறு மருத்துவக் காரணம் ஏதும் கிடையாது. அது புரிகிறது. அடுப்பை மூடட்டும், எட்டரை மணிக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்க ஓர் ஆயா போதும்.

அந்தச் சமையலறையிலேயே 55 கிராமை எட்டிவிடலாம். காலைக் காபிக்கு அப்புறம் ஏழு மணிக்கு 200 மில்லி பாலில் இரண்டு ஸ்பூன் பால் பவுடர் கலந்து கொடுத்தால் பத்துப் பதினோரு கிராம். உப்புமாவுக்குப் பதில் பாசிப்பயறு தோசை, அடை, பருப்பு தாராளமாகப் போட்ட பொங்கல். மதியம் சாம்பாருக்கு முன்னால் கெட்டிப் பருப்பும் நெய்யும் பிசைந்து முதல் நான்கு வாய். பசி இருக்கும் நேரத்தில் சத்துள்ளது உள்ளே போய்விடும், ரசம் கடைசியில் வரட்டும். மோர் வேண்டாம், கெட்டித் தயிர். நாலு மணி பிஸ்கட்டுக்குப் பதில் குழைய வேகவைத்த சுண்டல், அல்லது பொட்டுக்கடலை மாவில் வெல்லமும் நெய்யும் பிசைந்த ஒரு சின்ன உருண்டை. ஐம்பது கிராம் பன்னீரை உதிர்த்துப் பொடிமாஸ் செய்தால் ஒன்பது கிராம். முட்டையை இல்லத்தில் அனுமதிக்காவிட்டால் சண்டை வேண்டாம், பாலும் பருப்பும் போதும். கிரியாட்டினின் அதிகமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

பால், தயிரை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஒரு ஆய்வு 2021-ல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். மீதி இல்லங்களில் வழக்கமான மெனு. பால் பொருட்கள் கூடிய இல்லங்களில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, இடுப்பு எலும்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கீழே விழுவதும் குறைந்தது. அங்கே இருந்தவர்களின் சராசரி வயது 86. சமையலறையில் பட்டியலை மாற்றியதற்கே இவ்வளவு.

சர்க்கரை இருக்கிறது என்று அம்மாவுக்குப் பழம், கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மெலிந்துகொண்டே போகும் 78 வயதுக்காரரிடம் இந்தக் கண்டிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டல்களும் இப்போது அதைத்தான் சொல்கின்றன: பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 8 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும் பரவாயில்லை, சாப்பாட்டைக் குறைக்கும் பத்தியங்களைத் தவிர்க்க வேண்டும். அரை வாழைப்பழத்தால் வரும் கெடுதலைவிட, பிடித்தது எதுவுமே தட்டில் இல்லாததால் தட்டையே தள்ளிவிடுவதில் வரும் கெடுதல் பெரிது. உப்பும் அப்படித்தான். ஒரு துண்டு ஊறுகாயைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது ஒரு வேளைச் சாப்பாடு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேசிக்கொண்டிருக்காதீர்கள், கவனியுங்கள். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறாரா? எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், பழைய செட் ஆடும், குத்தும். அதைச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு “பசிக்கல” என்பார்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் கரகரக்கிறதா? அப்படியானால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். டாக்டரிடம் காட்டும்வரை படுக்கவைத்தோ சாய்த்தோ ஊட்டவே கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்துச் சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்றும் கேளுங்கள். வயதானால் தாகம் தெரிவது குறையும். அதற்கு மேல், ராத்திரி பாத்ரூம் போக ஆயாவை எழுப்ப வேண்டுமே என்று மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் இல்லங்களில் ஏராளம். மத்தியானத்துக்குள் பெரும்பகுதித் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

சாப்பிடும் இடமும் முக்கியம். நெதர்லாந்தில் ஐந்து நர்சிங் ஹோம்களில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2006-ல் வந்தது. தட்டில் போட்டு நீட்டுவதை நிறுத்திவிட்டு, மேசைவிரிப்பு விரித்து, பாத்திரங்களை மேசை நடுவில் வைத்து, பணியாளர்களும் கூட உட்கார்ந்து, வீட்டில் சாப்பிடுவது போலச் சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மாத்திரை கொடுப்பது, ரவுண்ட்ஸ் வருவது எதுவும் கிடையாது. ஆறு மாதத்தில் அவர்களின் எடையும் உடல் திறனும் நிலைத்து நின்றன, பழைய முறையில் சாப்பிட்டவர்களுக்குச் சரிந்தன. உங்கள் இல்லத்தில் இதையெல்லாம் கேட்க முடியாது; அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பவர் மேசையில் அம்மாவின் நாற்காலியைப் போடச் சொல்லலாம்.

இப்போது வீல்சேருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். அடிபடவில்லை, எலும்பு முறியவில்லை, பக்கவாதம் இல்லை. நடந்துகொண்டிருந்தவரை உட்காரவைத்துவிட்டார்கள். 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதினரை வெறும் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அம்மா மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறார், கூடவே பாதிப் புரதத்தில். இழந்த ஐந்தரை கிலோவில் கணிசமான பங்கு தொடையிலும் கெண்டைக்காலிலும் இருந்த தசையாக இருக்கும். விழாமல் நிற்க வைப்பது அந்தத் தசைதானே. பத்திரமாக இருக்கட்டும் என்று உட்காரவைத்த ஒவ்வொரு வாரமும் அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. எழாமல் இருக்கவும் மாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு ஆயா தூங்கும்போது தானாக எழுந்து பாத்ரூமுக்குப் போவார்.

இல்லத்திலேயே இரண்டு அளவு எடுக்கலாம். தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசைக் குறைவு என்று சந்தேகிக்கிறோம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும். இன்னொன்று, கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் பலவீனம். அம்மாவால் இப்போது ஒரு முறைகூட முடியாமல் போகலாம். பயப்பட வேண்டாம், அதுவும் ஓர் அளவுதான். குறித்துவையுங்கள்.

“இந்த வயதில் எக்சர்சைஸ் தேவையா” என்ற உங்கள் கேள்விக்கு 1994-லேயே பதில் கிடைத்துவிட்டது. பாஸ்டன் நகரில் ஒரு நர்சிங் ஹோமில் தளர்ந்துபோன 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 87, மூத்தவருக்கு 98. நான்கு பிரிவு: சிலருக்குக் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம். பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. நடை வேகம் கூடியது, படி ஏறும் பலம் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அவர்கள் சாப்பிட்ட மொத்தக் கலோரி குறிப்பிடும்படி கூடியது, பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்களுக்கு மட்டும்தான். உடம்பு வேலை செய்தால்தான் வயிறு கேட்கும். அம்மா சாப்பிடுவதில்லை, படுத்தே இருக்கிறார் என்று இல்லத்தில் இரண்டு புகாராகச் சொன்னார்களே, எனக்கு அது ஒரே புகார்.

பிசியோதெரபிஸ்ட் வையுங்கள், ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இல்லங்களில் நான் பார்க்கும் பெரும்பாலான ‘பிசியோ’, “கையைத் தூக்குங்கம்மா, இறக்குங்கம்மா, காலை ஆட்டுங்கம்மா” என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், தசை வளராது. தசைக்குப் பாரம் வேண்டும், அந்தப் பாரம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட வேண்டும். கையுள்ள, ஆடாத மர நாற்காலியைச் சுவரோரமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு முன்னால் குனிந்து, நாற்காலிக் கையை அழுத்தி எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து. முடியாவிட்டால் ஆசனத்தில் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பழகப் பழகத் தலையணையை எடுத்துவிடுங்கள், அப்புறம் கை ஊன்றுவதை. கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டி, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி இறக்குவது அடுத்தது. பத்து முறை சுலபமாக வந்தால் முக்கால் கிலோ, அப்புறம் ஒரு கிலோ. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்குவது மூன்றாவது. வாரத்துக்கு மூன்று நாள், டிபன் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆரம்பிக்கும் முன் டாக்டரின் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள்.

பிசியோவைவிட முக்கியமானது டைனிங் ஹாலுக்குப் போகும் நடை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் போக வர என்று தினம் ஆறு நடை, செலவில்லாமல் கிடைக்கிறது. வீல்சேரை ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. அது அம்மாவுக்குப் பின்னால் வரட்டும். ஓர் ஆயா பக்கவாட்டில், அரை அடி பின்தங்கி, இடுப்பைத் தாங்கியபடி வர வேண்டும். முன்னால் போய்க் கையைப் பிடித்து இழுப்பதுதான் தள்ளிவிடும். காரிடார் நடுவில் ஒரு நாற்காலி. முதல் வாரம் வாசல் வரைக்கும் நடக்கட்டும், மீதி வீல்சேர். அப்புறம் நடுநாற்காலி வரைக்கும். குதிகாலைப் பிடிக்காத ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாக வாங்குங்கள். தரையில் புரளும் நைட்டியை நான்கு விரல் மடித்துத் தைத்துவிடுங்கள். பாத்ரூமில் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் சுவரில் இரும்புக் கைப்பிடி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. கண்புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் இல்லத்து மேனேஜரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். “மேடம், நடக்க வெச்சு விழுந்துட்டா நீங்கதானே வந்து கேப்பீங்க?” அவர் சொல்வது நியாயம். உட்காரவைத்து தசை கரைந்துபோனதற்காக எந்தப் பிள்ளையும் மேனேஜரிடம் சண்டை போட்டதில்லை. ஒரு முறை விழுந்தால் மொத்தக் குடும்பமும் வந்து நிற்கும். அவர் பயப்படுவது உங்களைப் பார்த்து. பாத்ரூம் சம்பவத்தன்று நீங்கள் போனில் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது, நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்தப் பயத்தை எடுக்க உங்களால்தான் முடியும், அதுவும் எழுத்தில். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: “அம்மா துணையோடு தினமும் நடக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். டாக்டரும் சம்மதித்திருக்கிறார். கவனமாக இருந்தும் எப்போதாவது விழ நேர்ந்தால் அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டோம். நடக்கவைக்காமல் விட்டால்தான் எங்களுக்கு வருத்தம்.” அம்மாவிடமும் கேட்டுவிட்டு அனுப்புங்கள், அவர் கால்கள், அவர் முடிவு. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பிய மறுநாளே அமெரிக்காவிலிருந்து அண்ணன் போன் போட்டுத் திட்டுவார், வீல்சேர் திரும்ப வந்துவிடும்.

பவுடர் கேட்டீர்கள். டாக்டரைப் பார்த்து, மெனுவை மாற்றி, நடக்க ஆரம்பித்து, நான்கு வாரம் கழித்தும் எடை ஏறாவிட்டால் வாங்குங்கள். டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். பெரியவர்களுக்கான ஹெல்த் டிரிங்க் என்று விற்கும் பலவற்றில் மால்ட்டும் சர்க்கரையும்தான் அதிகம்; ஒரு வேளைக்குப் பத்து கிராம் புரதமாவது இல்லாவிட்டால் அந்த விலைக்குப் பால் பவுடரே மேல். பயிற்சி முடிந்த பிறகு அல்லது படுக்கும் முன் கொடுக்கச் சொல்லுங்கள். டிபனுக்கு முன்னால் கொடுத்தால் டிபன் போய்விடும்.

இல்லத்தை உடனே மாற்ற வேண்டாம். இடமாற்றம் அம்மாவை இன்னொரு முறை உலுக்கும். நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் அங்கே அலட்சியத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. மாதம் முதல் தேதி, காலைக் காபிக்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து உங்களுக்கு அனுப்ப ஒப்புக்கொள்கிறார்களா, எட்டரை மணிப் பாலுக்கு ஒப்புக்கொள்கிறார்களா, நடக்கவைக்க ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். கூடுதல் பாலுக்கும் பன்னீருக்கும் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்றுக்கும் கையை விரித்தால் அப்போது வேறு இடம் தேடலாம்; தேடும்போது சாப்பாட்டு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். டைனிங் ஹாலில் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று பாருங்கள், அறையைப் பிறகு பார்க்கலாம். சாப்பாடு மறுப்பது, கட்டிப்போடுவது போன்று எதையாவது கண்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள். முதியோர் நல மருத்துவர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் நல்ல பொது மருத்துவர் போதும். சென்னைக்கு அழைத்து வர முடிந்தால், கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது ஆறு மாத எடைக் குறிப்பு, எல்லா மாத்திரை அட்டைகள், பல்செட், இந்த மெனு நான்கையும் எடுத்துப் போங்கள். பயிற்சி ஆரம்பித்துப் பத்து வாரம் ஆனதும் எடையையும் கெண்டைக்கால் அளவையும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வாக்கர் தேவையா, பாரத்தைக் கூட்டலாமா என்று சொல்கிறேன்.